பல்கலைக்கழகச் சொற்பொழிவுக்கு வெளியாள் போகலாமா? தாராளமாகப் போகலாம்

சென்னையில் விடுமுறைக் காலம் நீங்கலாக எந்த வாரநாளை எடுத்துக்கொண்டாலும், ஏதாவது ஒரு பல்கலைக்கழகத் துறையிலோ ஆய்வு நிறுவனத்திலோ யாராவது ஒருவர் தன் பல வருட உழைப்பை ஒரு மணி நேரத்தில் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்க இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது, வாசலில் தடுப்பதும் அபூர்வம், ஆனாலும் வெளியாட்கள் யாரும் போவதில்லை, "நம்மை உள்ளே விடுவார்களா, விட்டாலும் நமக்குப் புரியுமா" என்ற இரண்டு தயக்கம்தான் காரணம். வேலைக்குப் போகிறவர், ஓய்வுபெற்றவர், வேறு கல்லூரியில் படிக்கிற மாணவர், படிப்பை எப்போதோ முடித்துவிட்டு ஆசையை மட்டும் விடாமல் வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். சென்னையை வைத்துத்தான் சொல்லப்போகிறேன், மதுரை, தஞ்சாவூர், புதுச்சேரிக்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய மண்டபத்தை விட்டுவிடுங்கள், சின்ன அறைக்குப் போங்கள். அமைச்சரோ துணைவேந்தரோ வருகிற விழாவில் நீங்கள் கேட்கப்போவது வாழ்த்துரைகள். துறையின் மாடி அறையில், ஓடாத ஒரு ஃபேனுக்குக் கீழே நடக்கிற பேச்சில்தான் விஷயம் இருக்கும்.

எந்த அழைப்பிதழுக்கு என்ன அர்த்தம்

முதலில் வகை தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டு "பல்கலைக்கழகப் பேச்சே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று போட்டிருந்தால் யோசிக்காமல் போகலாம். ஒரு குடும்பமோ அமைப்போ பல்கலைக்கழகத்தில் ஒரு தொகையைப் போட்டு வைத்திருக்கும், அதன் வட்டியில் குறிப்பிட்ட பொருளில் பேச ஒரு அறிஞரை அழைப்பார்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஏகப்பட்ட அறக்கட்டளைகள் உண்டு, சர் வில்லியம் மேயர் பெயரில் இருப்பது போல சில வெள்ளைக்காரன் காலத்தவை. இந்தப் பேச்சுகளின் நல்ல குணம் என்னவென்றால், பேசுபவர் பெரும்பாலும் முழுதாக எழுதித் தயாரித்துக்கொண்டு வருவார், பிற்பாடு அது புத்தகமாகவும் வரலாம் என்ற நினைப்பு அவருக்கு இருக்கும். பழைய சொற்பொழிவுகள் பல அப்படித்தான் நூலாகி இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

தேசியக் கருத்தரங்கம், பன்னாட்டுக் கருத்தரங்கம் என்பது வேறு ஜாதி. இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடமாக டஜன் கணக்கில் கட்டுரைகள், ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் அமர்வு, முடிவில் சான்றிதழ். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜூமில் பேசினாலே அது பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடுகிற காலம் இது. கட்டுரை வாசிக்கப் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அதில் தவறில்லை, ஆனால் பணம் கட்டினால் கட்டுரையைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பில் போட்டுவிடுகிற இடங்களும் இருக்கின்றன, மாணவர்கள் கவனம். கேட்க மட்டும் போகிறவர் காலையில் மையவுரையைக் கேட்டுவிட்டு, நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் பிடித்த ஒரே ஒரு அமர்வில் முழுக்க உட்கார்ந்தால் போதும். அறை அறையாகத் தாவினால் எதுவும் மனதில் தங்காது.

பயிலரங்கு என்றால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், இடம் எண்ணி வைத்திருப்பார்கள்.

அறிவியல் நிறுவனங்களில் செமினார், கலோக்கியம் என்று இரண்டு சொற்கள் புழங்கும். செமினார் அந்தத் துறைக்காரர்களுக்கானது, ஐந்தாவது நிமிடத்திலேயே நம்மைக் கழற்றி விட்டுவிடலாம். கலோக்கியம் என்றால் வேறு துறைக்காரர்களும் கேட்கிற மாதிரி பேச வேண்டும் என்பது மரபு. ஒரு இயற்பியல்காரர் கணிதக்காரர்களையும் உயிரியல்காரர்களையும் எதிரே வைத்துக்கொண்டு பேசும்போது நமக்கும் நாலு வார்த்தை கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் கலோக்கியத்தில் தொடங்குவது நல்லது.

யாருக்கும் தெரியாத பொக்கிஷம் ஒன்று இருக்கிறது: பொது வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மாணவர், புறத்தேர்வாளர் முன்னிலையில் தன் ஆய்வை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லுகிற நிகழ்ச்சி. சென்னைப் பல்கலைக்கழகம் உட்பட தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது பொதுவில்தான் நடக்கிறது, பெயரிலேயே "பொது" இருக்கிறது, அவையில் இருப்பவர்களும் கேள்வி கேட்கலாம். தேதி, நேரம், தலைப்பு போட்ட அறிவிப்பு துறையின் பலகையில் ஒட்டப்படும், ஆய்வேட்டின் பிரதியை முன்கூட்டியே புரட்டிப் பார்க்க நூலகத்திலோ துறையிலோ வைத்திருப்பார்கள். ஒரு தலைப்பில் நாலைந்து வருஷம் ஊறிய ஒருவர், முப்பது நாற்பது நிமிடத்தில் என்ன தேடினேன், எங்கே கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று வரிசையாகச் சொல்வதைக் கேட்கிற வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. தேர்வாளர் எங்கே பிடிக்கிறார், மாணவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதைப் பார்த்தாலே ஆய்வு என்றால் என்னவென்று பிடிபட்டுவிடும். கடைசியில் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று தேர்வாளர் அறிவித்ததும் கைதட்டல், சால்வை, குடும்பத்தார் கண்ணில் தண்ணீர், கையில் ஒரு ஸ்வீட் காரம் பொட்டலம். அழைக்காத விருந்தாளியை யாரும் முறைக்க மாட்டார்கள், கூட்டம் சேர்ந்தால் மாணவருக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு விஷயம், அன்று அவர் வாழ்க்கையில் பெரிய நாள், அவரை மடக்கிப் பார்க்கலாம் என்ற நோக்கத்தில் கேள்வி கேட்காதீர்கள்.

பறக்கும் ரயிலில் ஏறினால்

சென்னையில் இதற்கு ஒரு வசதி உண்டு, பறக்கும் ரயில் தடத்தை ஒட்டியே ஊரின் பாதி அறிவுலகம் இருக்கிறது. சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் சென்னைப் பல்கலைக்கழகம். ஆனால் அழைப்பிதழில் எந்த வளாகம் என்று பாருங்கள். வரலாறு, ராமானுஜன் பெயரிலான கணித நிறுவனம் போன்றவை சேப்பாக்கத்தில். தமிழ் முதலான மொழித்துறைகள் மெரினா வளாகத்தில், காமராசர் சாலையிலேயே மாநிலக் கல்லூரியைத் தாண்டித் தெற்கே. அறிவியல் துறைகள் கிண்டியில். மருத்துவம் சார்ந்தவை தரமணியில். "சென்னைப் பல்கலைக்கழகம்" என்று மட்டும் பார்த்துவிட்டுச் சேப்பாக்கத்துக்கு ஓடி, கிண்டியில் நடக்கிற பேச்சைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாளில் சேப்பாக்கம் பக்கம் பேச்சு என்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள்.

கஸ்தூரிபாய் நகரில் இறங்கினால் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். யுனெஸ்கோவில் உயர் பொறுப்பில் இருந்த மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கியது. பொருளாதாரம், சாதி, விவசாயம், தமிழ்நாட்டு அரசியல் என்று இங்கே நடக்கிற பேச்சுகள் பேப்பர் படிக்கிற யாருக்கும் புரிகிறவை, அதனால் முதல் முறை போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதே நிலையத்திலிருந்து ஐஐடி பிரதான வாசலுக்கும் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் உள்ளே வளாகம் பெரிய காடு, வாசலிலிருந்து பேச்சு நடக்கிற கட்டடத்துக்கு வளாகப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்திரா நகர், திருவான்மியூர் பக்கம் வந்தால் தரமணி நிறுவனங்கள். கணித அறிவியல் நிறுவனம், மேட்சயின்ஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும், இங்கேதான். அது பிறந்த கதையே என் கட்சிக்கு நல்ல சாட்சி. ஐம்பதுகளின் கடைசியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்திக்கொண்டிருந்தார், கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவு மாணவர்கள், அந்த வீட்டுக்கு வெளிநாட்டு விஞ்ஞானிகள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். 1960இல் நோபல் பரிசு பெற்ற அணு விஞ்ஞானி நீல்ஸ் போர் சென்னை வந்தபோது அந்தச் சிறு குழுவைப் பார்த்து வியந்து வெளியில் சொல்ல, விஷயம் நேரு வரை போய், அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியத்தின் ஆதரவோடு 1962 ஜனவரியில் நிறுவனமே வந்துவிட்டது. இன்று அவர்கள் இணையதளத்தில் செமினார் பட்டியல் போடுகிறார்கள். அவர்களே மியூசிக் அகாடமியில் "சயின்ஸ் அட் தி சபா" என்று பொதுமக்களுக்காக நடத்துகிற அறிவியல் பேச்சுகளும் உண்டு, பெரிய மண்டபம் வேண்டாம் என்ற என் பேச்சுக்கு அது ஒரு விதிவிலக்கு.

அதே தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டும் இருக்கின்றன. ரோஜா முத்தையா பல்கலைக்கழகம் இல்லைதான், ஆனால் கோட்டையூர்க்காரர் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களின் மேல் எழுந்த அந்த இடத்தில் சிந்துவெளி, அச்சு வரலாறு, பழைய பத்திரிகைகள் பற்றி நடக்கிற பேச்சுகளை விட்டுவிட மனம் வராது.

எப்போது, எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது

ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் சீசன். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும், அதனால் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் ஒரே நாளில் நாலு இடத்தில் நிகழ்ச்சி இருக்கும். பிப்ரவரி 21 தாய்மொழி நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாளான தேசிய கணித நாள், இந்த மூன்றையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு அந்த வாரங்களில் தேடினால் கட்டாயம் ஏதாவது அகப்படும். பருவத்தேர்வு நடக்கிற மாதங்களிலும் கோடை விடுமுறையிலும் வாய்மொழித் தேர்வுகளைத் தவிர அதிகம் இருக்காது.

அறிவியல் நிறுவனங்கள் இணையதளத்தை ஒழுங்காக வைத்திருக்கும். பல்கலைக்கழகத் துறைகள் விஷயத்தில் அதை நம்பாதீர்கள், மூன்று வருஷத்துக்கு முந்தைய கருத்தரங்கம் இன்னும் "விரைவில்" என்று மின்னிக்கொண்டிருக்கும். அங்கெல்லாம் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில்தான் சுற்றும். ஒரே ஒரு நிகழ்ச்சிக்குப் போய் அங்கே இருக்கிற ஆய்வு மாணவர் ஒருவரிடம் எண் கொடுத்துவிட்டு வந்தால், அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அழைப்பிதழ்கள் வரும். நாளிதழ்களில் வருகிற "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியையும் ஒரு பார்வை பார்க்கலாம், அதில் பெரும்பாலும் ஆன்மிகச் சொற்பொழிவுதான் என்றாலும்.

வாசலில்

காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பார். "சும்மா ஒரு பேச்சு கேட்க வந்தேன்" என்றால் குழம்பிவிடுவார். துறையின் பெயர், அரங்கின் பெயர், நேரம், இந்த மூன்றையும் தயங்காமல் சொல்லி, செல்பேசியில் அழைப்பிதழைக் காட்டுங்கள், கையில் ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ இருக்கட்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வார். ஐஐடி போன்ற கெடுபிடியான வளாகம் என்றால் முதல்நாளே ஏற்பாட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல்: "நான் இந்தத் துறையைச் சேர்ந்தவன் இல்லை, ஆர்வத்தில் வருகிறேன், வரலாமா?" இதற்கு "வராதீர்கள்" என்று பதில் எழுதுகிற பேராசிரியரைக் காண்பது கடினம். அந்தப் பதிலை வாசலில் காட்டினால் வேலை முடிந்தது.

பத்து மணி என்றால் எத்தனை மணி

இதில் இரண்டு உலகங்கள் உண்டு. அறிவியல் நிறுவனத்தில் மூன்றரை என்றால் மூன்றரை, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் வெளியே டீயும் பிஸ்கட்டும், டீ கோப்பையோடு நிற்கிறவர்களில் யாரோ ஒருவர்தான் பேசப்போகிறவர். அறிமுகம் இரண்டு வரி, உடனே பேச்சு. தாமதமாகப் போனால் போச்சு.

கலைத் துறைகளில், அதிலும் தமிழ்த் துறைகளில், அழைப்பிதழை வேறு மாதிரி படிக்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப்பரிசு, அதற்கு அப்புறம் சிறப்புரை. பத்து மணி என்று போட்டிருந்தால் சிறப்புரையாளர் மைக்கைப் பிடிக்கப் பதினொன்று ஆகும். அதற்காகப் பதினொன்றுக்குப் போகாதீர்கள், எந்த நாளில் தலைமையுரையாளர் வராமல் போய் நிகழ்ச்சி சட்டென்று நகரும் என்று சொல்ல முடியாது. சொந்தக் கணக்கில் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். வாழ்த்துரைகளின் எண்ணிக்கையை வைத்தே சிறப்புரைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று கணக்குப் போடலாம், மூன்றுக்கு மேல் இருந்தால் நான் போவதில்லை. நன்றியுரையின்போது நழுவலாம், நாட்டுப்பண் தொடங்கிவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

உட்காருவதற்கு மூன்றாவது அல்லது நாலாவது வரிசை. முன்னால் சோபாக்கள் விருந்தினருக்கு, பின்வரிசை வருகைப் பதிவுக்காக அழைத்து வரப்பட்ட மாணவர்களுக்கு, அங்கே உட்கார்ந்தால் ஒன்றும் காதில் விழாது. மதிய உணவு டோக்கன் பதிவு செய்தவர்களுக்கு, டீ எல்லோருக்கும்.

கேட்பது எப்படி

தலைப்பும் சுருக்கமும் முன்னாலேயே வந்திருந்தால், அதில் தெரியாத சொற்கள் இரண்டு மூன்றை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். நல்ல பேச்சாளர் முதல் பத்து நிமிடம் எல்லோருக்காகவும் பேசுவார், நடுப்பகுதி துறைக்காரர்களுக்கு, கடைசிப் பகுதி அறையில் இருக்கிற இரண்டு மூன்று நிபுணர்களுக்கு. நடுவில் பிடி நழுவினால் உங்கள் அறிவைக் குறை சொல்லாதீர்கள், பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கிற ஆய்வு மாணவருக்கும் அப்போது நழுவியிருக்கும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வர முயற்சி செய்யவும் வேண்டாம். அவர் சொல்கிற ஊர்ப்பெயர், நூற்பெயர், ஆள் பெயர், வருடம், இவை மட்டும் போதும், மற்றதை அதை வைத்து வீட்டில் பிடித்துவிடலாம். ஸ்லைடுகளைப் படம் எடுப்பதற்கும் பேச்சைப் பதிவு செய்வதற்கும் முன்னால் கேளுங்கள், இன்னும் வெளியாகாத தரவு அதில் இருக்கலாம்.

கேள்வி நேரம். நம் ஊரில் இதில் ஒரு வியாதி இருக்கிறது, கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து, தன் ஊர், தன் ஆசிரியர், தான் எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் சொல்லி, பத்து நிமிடம் கழித்து "இதுதான் என் கருத்து" என்று உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். "இந்தக் கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதியை வைத்துச் சொல்கிறீர்களா, வேறு சான்றும் இருக்கிறதா?" "எத்தனை ஊர்களில் விசாரித்தீர்கள், அந்த ஊர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" "நீங்கள் சொல்வது தவறு என்று காட்ட வேண்டுமானால் என்ன கிடைக்க வேண்டும்?" கடைசிக் கேள்வி எந்தத் துறைக்கும் பொருந்தும், பேசுபவரும் பெரும்பாலும் ரசிப்பார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்திருந்தாலும் பேச்சாளருக்குத் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்க கூச்சமாக இருந்தால் முடிந்ததும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சின்ன அறையின் லாபமே இதுதான், பேசியவர் பத்தடி தூரத்தில் தனியாக லேப்டாப்பை மடித்துக்கொண்டிருப்பார். பேச்சோடு பேச்சாகச் சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே உதாரணம் உண்டு. 1952இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் இங்கே வந்திருந்தபோது, கொலாஜன் புரதத்தின் அமைப்புக்கு அதுவரை வந்த எந்த மாதிரியும் திருப்தியாக இல்லை என்று இங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனிடம் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் மூன்றிழை அமைப்பை முன்வைத்தார், நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற புரதத்தின் வடிவம் கிண்டியில் தெளிவானது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும், பேசியவர் இந்தியாவில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்றால் அவர் பெயரைச் சோத்கங்கா தளத்தில் போட்டுப் பாருங்கள், பல்கலைக்கழகங்கள் ஏற்றிய ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழில் எழுதியவையும் ஏராளம். கட்டுரை வேண்டுமென்றால் அவருக்கே எழுதிக் கேளுங்கள், உங்கள் பேச்சை இன்ன நாளில் கேட்டேன் என்று ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் பிடிஎஃப் வந்துவிடும். மின்னஞ்சல் முகவரி கடைசி ஸ்லைடில் இருக்கும். முடிந்தால் முதல் ஸ்லைடிலேயே இருக்கிறதா பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், "நன்றி" என்று வந்த மூன்றாவது நொடியில் யாராவது புரொஜெக்டரை அணைத்துவிடுவார்கள்.